இளஞ்சிவப்புக் கூரை

அன்புள்ள அக்கா,

அப்பா இனியும் தனியாக இருக்கலாமா என்று சனிக்கிழமை நீ போனில் கேட்டபோது, நான் இதைச் சொல்லவில்லை.

அன்று காலை லங்காஸ்டர் பழம்பொருள் சந்தையில், கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைக்கும் குட்டி அட்டைவீடு ஒன்றை அப்பா தூக்கிக் காட்டினார்.

"பாரும்மா, இளஞ்சிவப்புக் கூரை! இதத்தான் இத்தனை வருஷமா தேடினேன்."

"மக பொறந்தப்பகூட இப்படிச் சிரிச்சிருக்க மாட்டீங்க, கார்ல்!" என்றாள் கடைக்கார எட்னா.

கூரை விளிம்புக்கு அடியில் பார்த்தேன். நல்ல சிவப்பு. நம்மிடம் இருக்கும் அதே வீடுதான், வெயிலில் வெளுத்திருந்தது. வாங்குமுன் அங்கே பார்க்கவேண்டும் என்று நமக்குச் சொன்னவரே அவர்.

ஞாயிறன்று மரத்தடியில் வீடுகளை அடுக்கும்போது முந்தின நாள் வாங்கியதை அப்பாவே திருப்பி, விளிம்புக்கு அடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் சாவிக்கொத்திலிருந்து கார் சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

உன் தங்கை