உப்புப் பார்த்தது யார்?

மார்ச் 6, வெள்ளி

இந்த வாரப் படையல் ஓரகத்தியின் முறை. குழம்பில் உப்பு கச்சிதம். கீரையிலும். வெள்ளிக்கிழமை வீடே சைவம்; சாமிக்கு வைக்குமுன் சமைப்பவள் ருசி பார்க்கக் கூடாது. மாமனார் போட்ட சட்டம். ருசி பார்க்காமல் எப்படி ஒவ்வொரு தடவையும் அமையும்? எனக்குப் பன்னிரண்டு வருடமாக அமையவில்லையே.

மார்ச் 13, வெள்ளி

என் முறை. அடுப்படியை விட்டு நகரவே இல்லை. குழம்பு கரித்தது. மாமனார் தண்ணீராகக் குடித்தார். அவள் சிரிப்பை அடக்கிய மாதிரி இருந்தது. இருந்ததா? இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

துணி மடிக்கிற சாக்கில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டி வாய்ப்பக்கம் போகவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பூப் பறிக்கப் போனாள். உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு போகிறாளோ என்று பின்னாலேயே போனேன். ஒன்றுமில்லை. ஆனால் உப்பு — கச்சிதம்!

சாப்பிடும்போது வாய் அடங்கவில்லை. எச்சில் பண்ணியதையா சாமிக்கு வைத்தாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"நான் நாக்குல வைக்கலக்கா." அவ்வளவுதான் சொன்னாள். மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கொழுந்தன் வாடகைக்கு வீடு பார்க்கிறானாம். தப்புச் செய்யாதவள் ஏன் ஓடவேண்டும்? இப்படி எழுதுகிறேனே தவிர, மனசு கேட்கவில்லை. ஆறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

மார்ச் 27, வெள்ளி

என் முறை. போன தடவை கரித்த பயத்தில் உப்பைக் குறைத்தேன். பூவுக்கு அவளைக் கூப்பிட முகமில்லை, நானே போனேன். கூடையை மறந்து திரும்பி வந்தால், அடுப்படியில் மாமனார். ஒரு கையில் உப்பு டப்பா. மறு கையில் குழம்பை ஊற்றி நக்கிக்கொண்டிருக்கிறார்.

"உப்பில்லாம சோறு எறங்க மாட்டேங்குதும்மா. நீ அடுப்படிய விட்டு நகர மாட்டேங்கறே" என்றார்.

அவள்மேல் பழி விழுந்தபோது இந்த வாய் எங்கே போயிருந்தது? கேட்க நினைத்தேன். அவர் உப்பு டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

நேரே அவள் அறைக்குப் போனேன். பாதி அடுக்கிய பெட்டி. உனக்குத் தெரியுமா என்றேன். தெரியுமாம். அதனால்தான் எப்போதும் உப்பைக் குறைத்தே போடுவாளாம்.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா, மாமா நம்ம முன்னாடி எப்படிக்கா சாமிக்கு மணியடிப்பாரு?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிச்சுடு என்றேன். அவள் பெட்டியை மூடவும் இல்லை, காலி செய்யவும் இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

பெட்டி பரணுக்குப் போய்விட்டது. இன்று அவள் முறை. நான் காய் நறுக்கிக் கொடுத்தேன். மூடி வைத்துவிட்டு இரண்டு பேருமாகப் பூப் பறிக்கப் போனோம். கூடை நிறைந்ததும், போதுங்கா, போகலாம் என்றாள்.

இன்னும் கொஞ்சம் பறிக்கலாம் என்றேன்.