கொடி பார்க்கிற இரண்டு மாதம்

என் றெஜினாவுக்கு, உன் பெயரை எழுதும்போதே கை கொஞ்சம் ஆறுதலடைகிறது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இங்கே பெர்லினில் உன் அப்பாவின் கடைக்கு முன்னால் ரோட்டைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் சுற்றித்தான் போகிறது. கடைக்கு வருகிற எல்லோரிடமும் அப்பா அதைப் பற்றியே முறைப்பாடு சொல்கிறார். அவர் திரும்பவும் முறைப்பாடு சொல்லத் தொடங்கியது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத்தான் விளங்கும்.

உன் ஆண்டுத் திருப்பலிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம். ஊரில் எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்றுதான் சொல்லுவோம். அதில் எழுது என்று அப்பா சொன்னார். உனக்கு எழுதுவதென்றால் எழுதுகிறேன், உன்னைப் பற்றி எழுத எனக்கு ஏலாது என்றேன். ஆகவே மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

என் பிள்ளை வயிற்றிலேயே தவறிய அந்த மாரிகாலம் உனக்கு ஞாபகம் இருக்கும். என் வீட்டுக்காரர் ரெஸ்டோரண்ட் வேலைக்குப் போன பிறகு நான் திரைச்சீலையைக்கூட விலக்குவதில்லை. வந்தவர்கள் எல்லோரும் இன்னும் வயசிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ ஒருத்திதான் அப்படிச் சொல்லவில்லை. கடையில் சாமான் வாங்கும்போது கண்டு கதைத்த பழக்கம்தான் நமக்குள். ஆனால் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். பல்கலைக்கழகத்தில் எபிரேயம் படிக்கிறாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அக்கா, பரீட்சை வருது. முன்னால ஆராவது இருந்தால்தான் எனக்குப் பாடமாகும். நீங்கள் சும்மா இருங்கோ" என்றாய்.

அது பொய்யா, மெய்யா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் சும்மா இருந்தேன். கிழமைக்கு இரண்டு தரம், மூன்று தரம் வந்தாய். விளங்காத அந்தச் சத்தம் எனக்கு நல்லாயிருந்தது. அதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லைதானே.

ஒருநாள் அந்தக் கல்லின் படத்தைக் கொண்டுவந்தாய். உள்ளங்கைக்குள் அடங்குகிற சுண்ணாம்புக் கல். கேசர் என்ற பழைய ஊரில் கிண்டி எடுத்தது, மூவாயிரம் வருடத்துக்குக் கிட்டப் பழையது, இப்போது இஸ்தான்புல் மியூசியத்தில் இருக்கிறது என்றாய். சின்னப் பிள்ளை எழுதிப் பழகியதா, பாட்டா, வேறு ஏதாவதா என்று படித்தவர்களுக்கே நிச்சயமில்லையாம். பிறகு இரண்டு பேருமாய் இருந்து தமிழாக்கினோம்.

விளைந்ததைச் சேர்க்க இரண்டு மாதம். விதைக்க இரண்டு மாதம். பிந்தின விதைப்புக்கு இரண்டு மாதம். லினன் செடி வெட்ட ஒரு மாதம். பார்லி அறுக்க ஒரு மாதம். மற்றதை அறுத்து அளக்க ஒரு மாதம். திராட்சைக் கொடி பார்க்க இரண்டு மாதம். கோடைப் பழத்துக்கு ஒரு மாதம்.

லினன் நெய்கிற செடிக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம்.

பிறகு நான் கேட்டேன்: "கொடி பார்க்கிற ரண்டு மாசத்திலயும் கையில ஒண்டும் வராதோ?"

"வராது அக்கா. ஆனா அதையும் வருசத்துக்குள்ள சேர்த்துத்தான் எழுதியிருக்கினம்."

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு நான் வேறொருவருக்கு முன்னால் அழுதது அன்றைக்குத்தான். நீ நிறுத்தச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறும்வரை பக்கத்தில் இருந்தாய்.

அந்த வசந்தத்தில் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாய். உங்கள் கட்டிடத்தில் இருந்த ஜெர்மன் அம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போக, கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்த அவவின் தோட்டத்தில் பாதியை நமக்கு விட்டுத் தந்தா. முதல் விதைத்த கீரை முழுவதையும் நத்தை தின்றது. உனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேணும். எபிரேயத்தில் ஏசினாய் என்று நினைக்கிறேன். இரண்டாம் தரம் போஞ்சி வந்தது, தக்காளி வந்தது. நான் வெயிலில் நின்றேன், ஆட்களோடு கதைத்தேன், இரவில் நித்திரை கொண்டேன். அதெல்லாம் நீ தந்தது.

அடுத்த வருடம் உனக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இப்ப என்ன மாசம் என்று கேட்பாய். நான் ஏப்ரல், மே என்று சொல்வதில்லை. போஞ்சிக்குத் தடி நடுகிற மாதம் என்பேன். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவாய். பிறகொருநாள், உன் செத்தவீட்டில் நான்தான் அந்தக் கல்லை வாசிக்க வேணும், தமிழில் வாசிக்க வேணும் என்றாய். நான் சைவ சமயக்காரி, மேடையில் ஏறி ஒரு நாளும் கதைத்ததில்லை என்றேன். நீ கேட்கவில்லை. உதைபந்தாட்ட உலகக் கிண்ண நேரம், பெர்லின் முழுவதும் ஆரவாரமாய்க் கிடந்தபோது, நீ போனாய்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, றெஜினா. "பிள்ளையின்ர பெட்டிக்கு முன்னால கமக்காரன்ர கணக்கோ வாசிக்கிறது?" என்று கேட்டார். வேதாகமத்தில் இல்லாததைக் கோயிலில் வாசிப்பது சரியில்லை என்றார். பாதிரியார்தான், அவள் ஆசைப்பட்டாள், விடுங்கள் என்று அவரைச் சமாதானப்படுத்தினார்.

ஏறினேன். பார்லி வரைக்கும் ஒழுங்காய் வந்துவிட்டேன். கொடிக்கு வந்ததும் வாசிக்க ஏலாமல் நின்றுவிட்டேன். உன் அப்பா முன்வாங்கிலில் இருந்து எழும்பினார். நிறுத்தத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மேடையில் ஏறி, என் பக்கத்தில் வந்து நின்றார். நான் மிச்சத்தை வாசித்து முடிக்கும்வரை நின்றார்.

உன்னை அடக்கம் செய்துவிட்டுச் சவக்காலையால் வெளியே வரும்போது, அந்தக் கொடி பார்க்கிற இரண்டு மாதம் என்றால் என்ன என்று கேட்டார். நீ எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னேன். பஸ் நிறுத்தம் வரை கூட நடந்து வந்தார். பிறகு, "நல்லாத்தான் படிச்சிருக்கிறாள்" என்றார்.

இப்போது ஞாயிறு பூசை முடிய நேரே தோட்டத்துக்கு வருகிறார். என் கத்தரிக்காய் சரியில்லையாம். எனக்கு ஒரு தாவரப் பண்ணையில் அவுஸ்பில்டுங், அதுதான் வகுப்போடு சேர்த்து வேலை பழகுகிற இடம், கிடைத்திருக்கிறது. வகுப்பில் நான்தான் வயது கூடினவள். கேட்டால் நீ குதிப்பாய்.

போன கிழமை அப்பா அந்தக் கல்லின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் தனியாய்க் கிடக்கிற எழுத்து என்ன என்று கேட்டார். எழுதினவரின் பெயராய் இருக்கலாம், உடைந்த இடத்தில் பாதி போய்விட்டது என்றேன். பிறகு, உன் கல்லறைக் கல்லிலும் ஓரத்தில் உன் பெயரை அந்த எழுத்தில் போடலாமோ என்று கேட்டார். "நீதான் எழுதித் தர வேணும் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார்.

எபிரேய மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன், றெஜினா. கை வலமிருந்து இடம் போக மறுக்கிறது. ஆனால் கல் கொத்துகிறவர் அவசரப்படுத்தவில்லை, குழி மண் இறுகின பிறகுதான் கல் நடலாம் என்கிறார். உன் பெயரை வேறு ஆரையும் எழுத விடமாட்டேன். ஒரு எழுத்தும் பிழையாகாமல், என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன்.

நீ அக்கா என்று கூப்பிட்டபடியால் உனக்கு அக்காவானவள்,
வசந்தி