முதலில் போட்ட டிக்

ஆடி 8, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொடித் துணி இரண்டு, பக்கத்து வீட்டு முருங்கையில். மிளகாய் காயவைக்கவில்லை.

மருமகள் செல்விக்குச் சனிக்கிழமை கோயமுத்தூரில் இங்கிலீஷ் பரீட்சை. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக. மற்றதெல்லாம் போன தடவையே பாஸ். காதால் கேட்டு விடை போடும் பாகம் மட்டும் இரண்டு மார்க்கில் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் அந்த ஊர் ஆஸ்பத்திரி காத்திருக்காதாம். வேறு ஆளாம்.

மகன் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே. பேத்திக்குப் பள்ளிக்கூடம். அவள் வீட்டில் பழகிப் பார்க்க, செல்போனை அமுக்கும் வேலை எனக்கு. ஒரு வெள்ளைக்காரன் பேசுவான். கேள்விக்கு ஏ, பி, சி என்று மூன்று விடை, ஒன்றுக்கு டிக். ஒரே தடவைதான் ஓடும், மறுபடி போடக்கூடாது. பேச்சு ஒரு சொல் புரியவில்லை. எழுத்து தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றாலும் லாரி நம்பர் படித்த கண்.

முப்பது கேள்வி. பத்தொன்பது சரி. இருபத்து மூன்று வேண்டும்.

ஆடி 9, செவ்வாய்

பல் வலி. கிராம்பு. ரேஷனுக்குப் போகவில்லை.

வெள்ளைக்காரன் பேசப் பேச எனக்கு வேறு சத்தம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிய காலம். சங்ககிரியில் ரோட்டை ஒட்டி வீடு. லோடோடு போகையில் நிறுத்த முடியாது. வளைவில் ஒரு ஹாரன், அவ்வளவுதான். மாவாட்டும் கை நின்றுவிடும். எத்தனை லாரி, எத்தனை ஹாரன். அவருடையது எனக்கு ஒரு நாளும் தப்பவில்லை. நாத்தனாருக்குக் கேலி: “ஏனுங்கண்ணி, போற லாரியெல்லாம் எங்கண்ணனுதுங்களா?” அவள் செத்து ஒன்பது வருஷம். அந்தக் கேலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று பதினெட்டு. செல்வி சாப்பிடாமல் டூட்டிக்குப் போனாள்.

ஆடி 11, வியாழன்

காற்று. பத்திலிருந்து மூன்று வரை கரண்ட் இல்லை.

இன்று போனைப் பார்க்கவில்லை, செல்வியின் பென்சிலைப் பார்த்தேன். டிக் போடுகிறாள். நெற்றி சுருங்குகிறது. ரப்பரால் அழிக்கிறாள். வேறொன்றுக்குப் போடுகிறாள். மறுபடி பத்தொன்பது. திருத்திய தாளை வாங்கி, அவள் அழித்ததையெல்லாம் நினைவிலிருந்து சொன்னேன்.

4 – முதலில் பி. அதுதான் சரி.
11 – முதலில் ஏ. சரி.
17, 22, 23, 29 – அப்படியே.

ஆறு. அழிக்காமல் விட்டிருந்தால் இருபத்தைந்து, பாஸ்.

எதற்கு அழிக்கிறாய் என்று கேட்டேன். தாளைப் பார்த்தபடியே சொன்னாள்:

“இந்த ஊட்டுக்கு வந்த நாள்லருந்து, நான் ஒண்ணு சொன்னா நீங்க மறுக்காக் கேப்பீங்கத்தை. நல்லா யோசிச்சுச் சொல்லுன்னு. மாத்திச் சொல்லியே பழகிப்போச்சுங்க.”

கோபம். எழுந்து போய்விட்டேன்.

கேட்டதுண்டு. கல்யாணமான புதிதில், அரிசி எத்தனை படி என்பேன். ரெண்டுங்க என்பாள். ரெண்டா? இல்லீங்க, ரெண்டரை. இரண்டுதான் சரி, எனக்கும் தெரியும். என் மாமியார் என்னைக் கேட்டார், நான் இவளை. புது மருமகளை அப்படித்தான் பழக்குவது எங்கள் பக்கம். பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம்கூடக் கேட்டேன், குழம்புக்குப் புளி பற்றி.

சாயங்காலம் ரப்பரை அரிசி டப்பாவுக்குள் போட்டேன். தேடினாள். “காதுல முதல்ல உழுகறதுதான் சரி அம்மிணி. போட்டுட்டு அடுத்ததுக்குப் போ” என்றேன்.

இருபத்து நான்கு.

ஆடி 13, சனி

ஐந்து மணி பஸ்ஸில் செல்வி கிளம்பினாள். தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். பேத்திக்கு எண்ணெய் தேய்த்தது. பாத்திரம். வேறு எதிலும் கை ஓடவில்லை.

ஜெயித்தால் போய்விடுவாள். இப்போதுதான் உறைக்கிறது. பேத்தியை எருமப்பட்டி சம்பந்தியம்மாள் தூக்கிக்கொண்டு போய்விடுவார். காதுகுத்து விருந்தில் என் ரசத்தில் உப்பில்லை என்று பந்தியில் சொன்னவர். கத்தரிப்பூ நிறத்தில் இளம்பிள்ளை ஊர்ப் பட்டுச்சேலை கட்டியிருந்தார். உப்பு இருந்தது.

செல்வி தோற்கட்டும் என்று நினைத்தேன். எழுதிவைக்கிறேன். ஒரு நிமிஷம்தான்.

அந்தியில் வந்தாள். மூன்று இடத்தில் மாற்றத் தோன்றியதாம். மாற்றவில்லையாம்.

ஆடி 19, வெள்ளி

நேற்று பெருக்கு. முழங்கால், காவேரிக்குப் போகவில்லை.

பதினோரு மணிக்கு முடிவு. செல்வி போனை என் முன்னால் நீட்டினாள். எனக்கு எண் மட்டும் தெரிந்தது. 26. பாஸ். கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டும்.

எருமப்பட்டிக்கு, அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். நான் அடுப்படியில், காது கூடத்தில். பேத்தியை அங்கே அனுப்பச் சொல்கிறார் போலிருக்கிறது, பெரிய பள்ளிக்கூடமாம்.

“இல்லம்மா. பாப்பா அத்தைகிட்டயே இருக்கட்டும்.”

அங்கிருந்து மறுபடி கேட்கிறார் போல. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ஒருக்காச் சொல்லிட்டேன்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.