இருபத்து நான்கு நொடிகள்

மே 12

அன்புள்ள கொக்கு,

இந்த வாரத் தாள்கள் பதினொன்றும் ஆஸ்பத்திரி வேனில் வருகின்றன. ஓரத்தில் இருப்பது காப்பிக் கறை, திட்டாதே. நீ கல்லூரி ஆஸ்பத்திரியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாய். நானோ இந்தக் கிளை ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக அலைகிறேன். "எழுந்திருங்க, கோடு வரைக்கும் நடங்க, திரும்பி வந்து உட்காருங்க." மூன்றே மீட்டர், அதற்கு எத்தனை நொடி ஆயிற்று என்று தாளில் எழுத வேண்டும். ஒரு ரிட்டயர்டு தபால்காரர் கோட்டைத் தாண்டி வாசலுக்கே போய்விட்டார். "நில்லுன்னு நீ சொல்லவே இல்லையேம்மா" என்கிறார்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்தவர் டெலிபோன் அம்மா. முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வயது எண்பத்தொன்று. நிமோனியா வந்து தேறி, முந்தாநாள் வீட்டுக்குப் போனார். தனியாகத்தான் இருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகன் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறாராம்.

விடுமுறையில் ஊர் சுற்றாமல் ஆராய்ச்சிக்கு வந்த முட்டாள்,
வாலு


மே 15

அருமை வாலு,

கறையைப் பார்த்துப் பேராசிரியர், "இது என்ன, பேஷன்ட்டோட ரத்தமா?" என்று கேட்டார். உன் மானத்தை நான்தான் காப்பாற்றினேன்.

ஒரு சந்தேகம். ஏழாவது தாளில் 24 என்று எழுதி, அடித்துவிட்டு 18 என்று போட்டிருக்கிறாய். உன் டெலிபோன் அம்மாவின் தாள்தான். கை தவறியதா? ஒரு வரி எழுதினால் போதும், ஏற்றிவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

கொக்கு


மே 20

கொக்கு,

கை தவறவில்லை. உன்னிடம் பொய் சொல்ல வராது.

நடந்து முடித்து உட்கார்ந்ததும் டெலிபோன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எத்தனைம்மா?" இருபத்து நாலு என்றேன். "இருபதைத் தாண்டினா தனியா விட மாட்டாங்களாமே, பக்கத்து பெட்டுக்காரி சொன்னா. சாயந்தரம் என் பையன் வர்றான். அவன் அந்தத் தாளைப் பார்த்தா நேரே இல்லத்துக்குத்தான். ஆறு நொடிதானேம்மா?"

அந்தப் பிடியில் பலமே இல்லை. ஆனாலும் விடுவித்துக்கொள்ள முடியவில்லை. 18 என்று எழுதினேன். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

நீ அப்படியே ஏற்றிவிடேன். அத்தனை எண்களில் இது ஒன்று. யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

வாலு


மே 24

வாலு,

அன்புள்ள என்று போட இன்று மனம் வரவில்லை.

யாருக்கு என்ன குறையும் என்று கேட்டாயே, இங்கே வார்டு சிஸ்டரிடம் விசாரித்தேன். இருபதைத் தாண்டினால் இல்லத்துக்கு அனுப்பும் விதி எதுவும் கிடையாது, உங்கள் ஆஸ்பத்திரியிலும்தான். அப்படித் தாண்டினவர்களுக்கு வாரம் இரண்டு முறை பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போவார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டுக் கொடுப்பார்கள். பதினெட்டு என்றால் அதெல்லாம் இல்லை, மருந்துச் சீட்டோடு சரி. பக்கத்து பெட்டுக்காரி சொன்னதை நம்பினாயே, சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்த அம்மாவுக்கு வரவேண்டிய கம்பியை நீயே பிடுங்கிவிட்டாய்.

தாளை ஏற்றாமல் என் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீயே பேராசிரியரிடம் சொல். ஜூன் ஒன்றுக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். முதலில் அந்த அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்.

கொக்கு


ஜூன் 6

அன்புள்ள கொக்கு,

உன் கடிதம் கிடைத்த மதியமே போனேன். கதவைத் திறக்கவே வெகுநேரம் ஆயிற்று. அந்த வெயிலிலும் சால்வை போர்த்தியிருந்தார். விலக்கிப் பார்த்தேன், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கன்றிப்போய் நீலம். குளியலறையில் விழுந்திருக்கிறார்.

"எவ்வளவு நேரம் கிடந்தீங்க?"

"ரேடியோல ரெண்டு நியூஸ் முடிஞ்சுது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விழலைன்னே எழுதிக்கோம்மா. ஒரு தடவை செஞ்சேல்ல?" என்றார்.

கொக்கு, அந்தக் கேள்வியில் கூசிப்போனேன். கம்பியைப் பற்றி, பிசியோவைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் சால்வையை எடுத்து மடித்து வைத்தார். "ரெண்டு பேருமே ராங் நம்பர் போட்டிருக்கோம். சரி, உள்ளதையே எழுது" என்றார்.

நீ வைத்த கெடுவுக்கு முன்பே, வியாழக்கிழமை பேராசிரியர் இங்கே வந்தபோது சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். "மொதல்ல அந்தம்மாவுக்கு என்ன செஞ்சே?" அதைச் சொன்ன பிறகுதான் மற்றது. "ஒண்ணை மாத்தினவ இன்னொண்ணை மாத்தலைன்னு நான் எப்படி நம்புறது?" என் நாற்பத்து மூன்று தாள்களையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார். கட்டுரையில் என் பெயர் வராது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கம்பி போட்டாயிற்று. மகன் வந்து சத்தம் போட்டார். பிசியோ அவரையும் கூட நிற்க வைத்து, அம்மாவை நடக்கச் சொல்லிக் காட்டினார். மூன்று மாதம் பார்க்கலாம் என்று மகன் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நீ அன்றே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். காத்திருந்தாய். உன் நல்ல மனசு வேறு யாருக்கும் வராது.

வாலு


ஜூன் 10

அன்புள்ள வாலு,

உன் கடைசி வரியைப் படிக்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்த நாற்பத்து மூன்றையும் நீக்கியவள் நான்தான். முடித்ததும் பேராசிரியர், "இனிமே கட்டுரையில மாணவர்கள்ல உன் பேர் மட்டும்தான்" என்றார். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் வந்தது. உனக்குக் கெடு வைத்து எழுதிய அன்றே அந்த ஆசை எனக்குள் இருந்ததா என்று யோசிக்கிறேன். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

இதைச் சொல்லாமல் உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது. பதில் எழுத வேண்டாம்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. மூன்றாவது வரிசையில் என் பக்கத்து இடத்தில் பையை வைத்திருப்பேன். உட்காரலாம் என்று தோன்றினால், அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்.

கொக்கு