ஒரே ஒரு அழைப்பு

ஐப்பசி 18, செவ்வாய்.

இன்று ஆன்லைன் போக்கர் சீட்டாட்டத்தில் எங்கள் அணி தோற்றது என்னால்தான். ஆட்டம் நடக்கும்போது பேசக்கூடாது. ஒரே ஒருமுறை மட்டும் அணியில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு நிமிடம் யோசனை கேட்கலாம். நான் முதல் சுற்றிலேயே வல்லத்து நசீமா அக்காவைக் கூப்பிட்டுவிட்டேன். கடைசியில் நிஜமாகவே குழம்பியபோது கேட்க வழியில்லை. அணி பந்தயம் கட்ட வைத்திருந்த சிப் மொத்தமும் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் அக்கா போனில் பிடித்துக்கொண்டார். "கையில ரெண்டு ஏஸ், இருக்கறதுலயே பெரிய சீட்டு வச்சிக்கினு என்னை இன்னாத்துக்குப்பா கூப்ட்ட?"

"கை தவறிப் பட்டுடுச்சுக்கா."

தவறவில்லை. கூப்பிட்டால் அக்கா முதலில் "சாப்டியா?" என்பார். செஞ்சிக்கு மாற்றலாகி வந்த நான்கு மாதத்தில் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

இன்றும் கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். இனிமேல்தான் உலை வைக்க வேண்டும்.