மேக்னாவின் கட்டைவிரல்

அனுப்புநர்:
ஜெ. தமிழ்ச்செல்வி (வயது 44),
க/பெ. ஜெகதீசன் (காலமானவர்),
பள்ளிக்கூடத் தெரு,
அச்சரப்பாக்கம், மதுராந்தகம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: பதினெட்டு வயது நிறைந்த, அறிவுசார் குறைபாடுள்ள என் மகளிடம் எனக்குத் தெரியாமல் கைரேகை பெற்றது – என்னைச் சட்டப்படி பாதுகாவலராக நியமிக்கவும், அதுவரை அவளது சொத்தைக் காக்கவும் கோருவது தொடர்பாக.

மதிப்புக்குரிய அய்யா,

1. நான் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருக்கிறேன். என் ஒரே மகள் மேக்னாவுக்குப் பேச்சு வராது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை இணைத்துள்ளேன்.

2. என் கணவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, மாமல்லபுரம் அருகே தன் பங்காக வந்த சவுக்குத் தோப்பை மகள் பெயருக்கு எழுதிவைத்தார். அப்போது அவள் மைனர், நான் கார்டியன். தாய் உயிரோடு இருக்கும்வரை தாய்தானே பொறுப்பு என்று இருந்துவிட்டேன். பதினெட்டு நிறைந்ததும் அந்தப் பொறுப்பு முடிந்துவிடும், தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி தங்கள் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துத்தான் பாதுகாவலர் ஆக முடியும் என்பதை நான் சமைக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியை திருமதி வசுமதி சொல்லிப் போன வாரம்தான் அறிந்தேன். யார் மீதும் குறை சொல்ல வரவில்லை. நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

3. இன்னொரு தவறும் என்னுடையதுதான். ஆதார் பதிவுக்கு அவளை மூன்று முறை அழைத்துச் சென்றேன். மூன்று முறையும் விரலை விரிக்காமல் கையை இறுக மூடிக்கொண்டாள். அதனால் வீட்டிலேயே மை பேடு வாங்கிவைத்து, பழைய செய்தித்தாளில் கட்டைவிரலைப் பதிக்கப் பழக்கினேன். பதித்தால் கைதட்டி ஒரு கடலை மிட்டாய் கொடுப்பேன். இரண்டு மாதம் ஆனது. பிறகு ரேஷன் கடையில் கருவியை நீட்டுவதற்குள் அவளே விரலை வைத்துவிடுவாள். வரிசையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள், வெட்கப்பட்டுச் சிரிப்பாள். பேருந்தில் நடத்துநர் டிக்கெட் மெஷினை எடுத்தாலும் விரலைக் கொண்டுபோவாள். எவர் எதை நீட்டினாலும் வைப்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான் அய்யா.

4. கடந்த 9.3.2025 ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பதினெட்டு நிறைந்தது. நான்கு வருடமாக எங்கள் வாசலை மிதிக்காத என் கணவரின் அண்ணன் திரு. சடையப்பன் அன்று கேக் வாங்கிக்கொண்டு வந்தார். காபிக்குப் பால் வாங்க முனைக் கடைக்குப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மகளின் வாயெல்லாம் கேக், கட்டைவிரல் முழுக்க நீல மை. என்னைப் பார்த்ததும் விரலைத் தூக்கிக் காட்டி, நான் கைதட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

5. எந்தத் தாளில் வைத்தாய் என்று அவளைக் கேட்க முடியாது. அவரைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்: “இன்னாமா, இதுக்குப் போயி பேஜாரு பண்ற? பொண்ணு மேஜராயிட்ச்சி. அது கைநாட்டு வெச்சா செல்லும், உன்ன இன்னாத்துக்குக் கேக்கணும்? இருவதாந்தேதி கார் எடுத்துனு வர்றேன். மாமல்லபுரம் இட்டுனு போயி கடலு காமிச்சிட்டு வர்றேன்.”

6. மேக்னாவுக்குக் கார் என்றால் உயிர். யார் கதவைத் திறந்துவிட்டாலும் ஏறி உட்கார்ந்துவிடுவாள். பத்திரம் பதிய அவள் நேரில் வர வேண்டுமாம்; கடலைக் காட்ட மட்டும்தான் கூப்பிடுகிறார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது தெருவில் கார் சத்தம் கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். ஒரு வாரமாக அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். தவறு என்று தெரியும். பூட்டாமல் போகப் பயமாக இருக்கிறது.

7. விரலை நீட்டாதே என்று இப்போது பழக்கிவருகிறேன். மை பேடை நீட்டினால் அவள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை பொறுமையிழந்து அந்தக் கையில் அடித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அவளை அடித்ததில்லை. அழுதாள். அழுதுகொண்டே, என்னைச் சமாதானப்படுத்த, மறுபடியும் விரலைத்தான் நீட்டினாள்.

ஆகவே, இருபதாம் தேதிக்கு முன்பாக, தங்கள் குழுவுக்குத் தெரியாமல் இவள் ரேகையை வைத்து எந்தப் பத்திரமும் பதியக் கூடாது என்று பதிவுத் துறைக்குத் தெரிவிக்கவும், அன்று வாங்கிய தாள் என்ன என்று திரு. சடையப்பனை விசாரிக்கவும், என் விண்ணப்பத்தைக் குழுவின் முன் வைக்கவும் வேண்டுகிறேன். பாதுகாவலர் ஆனவர் சொத்து விவரத்தை ஒப்படைக்க வேண்டும், பிள்ளையைச் சரியாகக் கவனிக்காவிட்டால் நீக்கப்படலாம் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறதாம். இரண்டுக்கும் சம்மதம். என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், யாரையாவது வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கள் உத்தரவு வந்த நாளிலிருந்து நிச்சயம் பூட்டு இருக்காது.

இடம்: அச்சரப்பாக்கம்
நாள்: 17.3.2025

தங்கள் உதவியை எதிர்பார்த்து,
ஜெ. தமிழ்ச்செல்வி

இணைப்பு: அடையாள அட்டை, தோப்புப் பத்திரம் (நகல்கள்), பாதுகாவலர் நியமன விண்ணப்பம்.

குறிப்பு: என் கையெழுத்துக்குக் கீழே உள்ள நீல ரேகை மேக்னாவுடையது. நான் கேட்கவில்லை. பழக்குவதற்காகத் திறந்து வைத்திருந்த மையைத் தொட்டு அவளாகவே வைத்துவிட்டாள். அதை அவளுடைய சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அய்யா. வேறு எந்தத் தாளில் பார்த்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.