டீச்சரம்மாவின் சொட்டு மருந்து

அன்பு மகள் வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அங்கே நீ நலமா என்று கேட்பது என் கடமை, கேட்டுவிட்டேன். நலமில்லாமல் போனாலும் பார்த்துக்கொள்ள உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் டீச்சரம்மா இருக்கிறார், எனக்கென்ன கவலை. போன மாதம் உனக்கு ஜுரம் அனலாய்க் கொதித்ததும், அவர் உன் அறைக்கே வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டு, சூப் வைத்துக் கொடுத்ததும் எனக்கு உன் அத்தை சொல்லித்தான் தெரியும். “அண்ணி, பாப்பாவுக்கு இப்ப தேவலையா” என்று அவள் கேட்க, நான் “எந்தப் பாப்பாவுக்கு” என்று முழித்தேன். பெற்றவளுக்குச் சொல்லாமல் அத்தைக்குச் சொல்லியிருக்கிறாய். கேட்டால், நீ பயந்துடுவேம்மா என்கிறாய். பயப்படுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லையா? இப்போது அவர் வீட்டு மாடி அறைக்கே குடி போகட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன், முதலில் நீ அனுப்பிய சொட்டு மருந்தின் கதையைக் கேள்.

பார்சல் பத்திரமாக வந்தது. சின்ன பாட்டிலும் ஊதா டார்ச்சும் உடையாமல் இருந்தன. தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு இருட்டில் டார்ச் அடித்தால், உடம்புக்கு விஷமான ஈயம் கரைந்திருக்கும் தண்ணீர் பச்சையாக ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டாகவே இருக்கும் என்று எழுதியிருந்தாய். ஈய அயனி போய் ஒட்டிக்கொண்டால்தான் அந்த மருந்துக்கு வெளிச்சமே வரும் என்று படம் வேறு போட்டிருந்தாய். படித்ததும் என்ன நினைத்தேன் தெரியுமா, நீயும் அந்த மருந்து மாதிரிதான். இங்கே இருந்த வரைக்கும் உம்மென்று மூலையில் உட்கார்ந்திருந்தாய், அந்த அம்மா பக்கத்தில் போனதும் போட்டோவுக்குப் போட்டோ முகம் பளபளக்கிறது. அதிலும் “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சது” என்று எழுதியிருந்தாய் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நீ பேசக் கற்ற நாளிலிருந்து நாங்க ரெண்டு பேரும் என்றால் அது நீயும் நானும்தான்.

மறைப்பானேன், மருந்து பொய்யாகிப் போகவேண்டும் என்றுதான் நான் பாட்டிலைத் திறந்தேன். சுத்தம் போதவில்லை என்று உன் டீச்சரம்மா குறை சொல்லிவிடக் கூடாதே என்று நாலு கண்ணாடி டம்ளரை நம் சலவைக்கடைத் தூளைப் போட்டே தேய்த்து, வெளுத்த துண்டால் துடைத்துப் பளிங்காக்கினேன். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், கடையில் துணி அலசும் குழாய், வாங்கி வந்த பாட்டில் தண்ணீர் என்று ஒவ்வொன்றிலும் பிடித்துச் சொட்டு விட்டு, ஜன்னலை மூடி டார்ச் அடித்தால் எல்லா டம்ளரும் ஜெகஜோதி! பாட்டில் தண்ணீரிலுமா ஈயம் இருக்கும், மருந்து பொய்தான் என்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. வெளிச்சம் நீலமாக இருந்தது, நீ எழுதியது பச்சை. நீலமென்ன பச்சையென்ன என்று எதிர்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன், உன் அத்தைக்குப் போன் போட்டு, பெரிய படிப்புப் படிச்ச டீச்சரம்மாவோட லட்சணத்தைப் பாரு என்றேன்.

அப்பாதான் டார்ச்சை வாங்கி விளையாட்டாகத் தன் மேல் அடித்தார். அவர் பனியன் நீலமாக ஜொலிக்கிறது. துண்டும் ஜொலிக்கிறது, என் கைவிரலெல்லாம் ஜொலிக்கிறது. “ஏண்டி, என் பனியன்லயும் ஈயமா?” என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் தையல்காரி நழுவிவிட்டாள். துணி பளிச்சென்று தெரிய நம் தூளில் கலந்திருக்கும் சரக்கு அது, அந்த விளக்குக்கு அப்படித்தான் மின்னுமாம், பிறகு போனில் நீதான் சொன்னாய். முப்பது வருஷமாகத் துணி வெளுக்கிறவளுக்கு இந்த அவமானம் தேவையா?

மறுநாள் புது காகிதக் கப் வாங்கி வந்து திரும்பச் செய்தோம். பாட்டில் தண்ணீர் இருட்டு, வீட்டுக் குழாய் எல்லாம் இருட்டு. கடைக் குழாய் மட்டும் பச்சை. எனக்குக் கை கால் ஓடவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டே நாளெல்லாம் அப்பா குடிப்பது அந்தத் தண்ணீர்தான், டீ போடுவதும் அதில்தான். தண்ணீர் ஆபீசில் கொடுத்துப் பார்த்தோம், அவர்களும் ஈயம் உண்டு என்றார்கள். பிளம்பர் சுவரை உடைத்து, கட்டிடம் கட்டின காலத்து ஈயக் குழாயை வெளியே இழுத்துப் போட்டார். அப்பாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அந்தத் தண்ணீரை நிறுத்தினாலே இறங்கிவிடும், நல்ல வேளை இப்போதே தெரிந்தது என்றார் டாக்டர். நீ பதறாதே, அவர் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வாயைத் திறந்தால் உன் டீச்சரம்மா புராணம். “அந்தம்மா மகராசி, ரெண்டு வரி நன்றி எழுதிப் போடு” என்று என்னை அரிக்கிறார். எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. என் மகளையும் பார்த்துக்கொள்கிறார், என் வீட்டுக்காரரையும் காப்பாற்றிவிட்டார், அப்புறம் இந்த வீட்டில் நான் எதற்கு? வயிறு எரிகிறதடி, பொய் சொல்வானேன். அவர் நல்லவர் என்பதுதான் எனக்கு ஆகவே மாட்டேன் என்கிறது. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சரி, மாடி அறைக்குப் போ. நன்றியை நீயே உன் வாயால் சொல்லிவிடு, நான் சொன்னதாகவே சொல். நேரத்துக்குச் சாப்பிடு, மருந்து கலக்கும்போது கையுறை போடு, தலையை ஈரத்தோடு முடியாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றே ஒன்று. இனி உடம்புக்கு வந்தால் முதலில் எனக்குச் சொல். இங்கிருந்து நான் ஒன்றும் கிழிக்கப்போவதில்லை, தெரியும். அவரே பக்கத்தில் உட்காரட்டும், அவரே துணியை நனைத்துப் போடட்டும். ஆனால் நான் பதற ஆரம்பித்த பிறகு போடட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்